காய் பொறுக்கின களத்தில் புல் போட்ட மகனுக்கு

அப்பு,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். மரம் போகும், புல் கருகும், சம்பந்தக்காரர் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டி வரும், கடைசியில் உன் அம்மாவுக்கு அவங்க சொந்த வீட்டிலேயே உட்கார இடம் இல்லாமல் போகும் என்று ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னேன். சந்தேகம் இருந்தால் பஸ் ஸ்டாண்டு டீக்கடை மாஸ்டரிடம் கேட்டுப் பார். அவனுக்கு ஞாபகம் இல்லை என்றால் அது அவன் கோளாறு. உன் சித்தப்பன் எட்டாம் கிளாஸோடு பையைத் தூக்கி எறிந்தவன்தான். ஆனால் படித்தவன் நாலு நாள் அளந்து பார்த்துச் சொல்வதை நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். குரங்கணி ரோட்டில் எந்த வளைவில் மண் சரியும் என்று நான் கை காட்டின இடத்தில்தான் இது வரைக்கும் சரிந்திருக்கிறது. ரோடு போடுகிற என்ஜினியர்களே ஜீப்பை நிறுத்தி என்னிடம் கேட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள்.

ஊருக்கு நீ என் அண்ணன் மகன். எனக்கு நீ மகன். அண்ணன் போன பிறகு உன்னை ஜீப்பின் முன் சீட்டில் உட்கார வைத்துப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டவன் நான். மதுரைக் காலேஜில் சேர்த்துவிட்டு, விடுதி வார்டனிடம் பேசுகிற விதத்தில் பேசிவிட்டு வந்தவனும் நான். அதற்குப் பிறகு அந்த மனுசன் உன்னைப் பார்த்தாலே எழுந்து நின்றான் என்று கேள்வி. அந்த உரிமையில் எழுதுகிறேன். போனில் பேசினால் 'மீட்டிங்ல இருக்கேன் சித்தப்பா' என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. இதைக் கடைத்தெருவில் யார் எடுத்து வாசித்தாலும் எனக்கு வெட்கம் இல்லை. வெளியூரில் சம்பாதித்துக்கொண்டு ஊரில் இருக்கிற வீட்டுக்குத் தோட்டம் போட ஆள் பிடிக்கிற எல்லா மகன்களும் வாசிக்கட்டும்.

போன வாரம் நீ என்ன சொன்னாய்? "பொங்கல் கழிச்சு அதே டீம் வர்றாங்க சித்தப்பா. பின்பக்கத்தையும் முடிச்சிருவோம். நித்யாவுக்கும் அந்த டிசைன் ரொம்பப் புடிச்சிருச்சு. அம்மாகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க." பக்குவமாக. அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குப் புகைந்தது. பெங்களூரில் இருந்துகொண்டு நீ ஆளை அனுப்புவாய், அவன் மண்வெட்டியோடு வருவான், நான் உன் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். முன்பக்கம் முடிந்த மாதிரிப் பின்பக்கமும் முடிய வேண்டும். முன்பக்கம் எப்படி முடிந்தது என்று உனக்குத் தெரியாது அப்பு. உனக்குத் தெரிந்தது அந்த வீடியோ மட்டும்தான்.

எனக்குத் தோட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பாய். மலையில் எஸ்டேட் பங்களாக்களுக்குப் பூச்செடியும் புல்லும் லோடு ஏற்றிப் போன ஜீப்பு என்னுடையது. ஒரு முதலாளி, பேர் வேண்டாம், பங்களா வாசலில் நின்றுகொண்டு ரோஜாவை எங்கே வைக்கலாம் என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நான் இறங்கவே இல்லை. சீட்டில் இருந்தபடியே, "அண்ணே, மேல்காத்து எங்கிட்டு அடிக்குதுன்னு பாத்துட்டுக் குழி வெட்டுங்க" என்றேன். இன்றைக்கும் அந்த ரோஜா ஜீப்பு உயரத்துக்கு நிற்கிறது. டூரிஸ்ட்டுகள் இறங்கி நின்று போட்டோ எடுக்கிறார்கள். அந்தப் போட்டோவில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். வாசிக்கிறவர்கள் எல்லாரும் போடிக்காரர்களாக இருக்க மாட்டார்கள், அதனால் ஒன்றை விளக்கிவிட வேண்டும். நம்ம ஊரில் காய் என்றால் அது ஏலக்காய். கத்தரிக்காயைக் கத்தரிக்காய் என்று முழுப் பேர் சொல்ல வேண்டும், முருங்கைக்காயை முருங்கைக்காய் என்று சொல்ல வேண்டும். ஏலக்காய்க்குப் பேரே வேண்டாம், வெறும் காய் போதும். காய் ஏறிருச்சு, காய் எறங்கிருச்சு, காய் வந்துருச்சா என்று பேசுகிற ஊர் இது. மலையில் விளைந்து, சூளையில் காய்ந்து, மூட்டையாகக் கீழே இறங்குகிற காயைப் பெரிசு, சின்னது, வெடித்தது, வெளுத்தது என்று கையால் பிரித்துப் போடுகிற வேலைக்குப் பேர் காய் பொறுக்குறது. உன் அம்மா செய்வது அந்த வேலை.

உன் அப்பா அந்த முன்வாசலுக்குச் சிமெண்டுக் களம் போட்டது வியாபாரத்துக்காக. ஈரம் கோத்த மூட்டை வந்தால் பிரித்து உலர்த்துவதற்கு. வாதாமரம் யாரும் வைத்ததில்லை, வௌவால் போட்ட கொட்டையில் இருந்து சுவரோரமாக முளைத்தது. அண்ணன் வெட்டச் சொன்னார். "இருக்கட்டும், நெழல் ஆகும்" என்றது என் மதினி, உன் அம்மாதான். குடை மாதிரி அடுக்கடுக்காக விரிந்து களம் முழுவதையும் மூடிவிட்டது. அண்ணன் போன மறு வருசம், 'நான் இருக்கேன் மதினி, நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்' என்று போய் நின்றேன். உன் அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? "உங்க ஜீப்பு ஓடுற அழகுக்கு அதுல என் அடுப்பு எரியாது கொழுந்தனாரே." மூஞ்சிக்கு நேராகச் சொன்னாங்க. யாவாரிகள் இரண்டு பேரிடம் தானே போய்ப் பேசி, மூட்டையை வீட்டுக்கு வரவழைத்து, தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மடியில் சொளகோடு, அதுதான் முறம், பொறுக்க உட்கார்ந்தாங்க. யார் வீட்டுக் களத்துக்கும் கூலிக்குப் போகவில்லை. மற்றவர்கள் நம் வீட்டுக் களத்துக்கு வந்தார்கள். இந்த வித்தியாசம் உனக்குப் புரிகிறதா? அந்த நிழலில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்கிற ஆளாக உன் அம்மா இருந்தாங்க. நீ படித்தது அந்தச் சொளகில்.

நீ அப்போதே அந்தக் களத்தைப் பார்த்துக் கூச்சப்படுவாய். கூட்டாளிகளைக் கூட்டி வந்தால் முன்கேட்டைத் திறக்க மாட்டாய். சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்வாசலில் நுழைவாய். அம்மாவோடு பொறுக்க உட்கார்ந்திருக்கிற ஜெய்த்தூன் அக்கா பார்த்துவிட்டுச் சிரிப்பாங்க. "ராஜாத்தி, உன் மகன் கலெக்டரைக் கூட்டிட்டு வந்திருக்கான் போல, நம்மளைப் பாத்தா கலெக்டருக்கு ஆகாதாம்." உன் அம்மாவும் சேர்ந்து சிரிப்பாங்க. நான் சிரித்ததில்லை. இதையும் அன்றைக்கே குறித்து வைத்துக்கொண்டேன்.

போன தை மாசம் அந்தத் தம்பி வந்தான். கோயமுத்தூரில் இருந்து, கையில் பெரிய போன், காலில் வெள்ளை ஷூ, லேண்டுஸ்கேப்பு ஆர்க்கிடெக்டாம். ஆளைக் குறை சொல்ல மாட்டேன், மரியாதையான பையன், காப்பி கொடுத்தால் டம்ளரைத் திருப்பிக் கொண்டு வந்து வைத்தான். ஆனால் முதல் தப்பு அவன் வந்த மாசம். தை மாசத்தில் போடி எந்தப் பயலுக்கும் அழகாகத்தான் தெரியும். மலை பச்சையாக இருக்கும், காற்று ஜிலுஜிலுவென்று வரும், கிணற்றில் தண்ணீர் கிடக்கும். நிலத்தைப் பார்க்கிறவனை ஒரு தடவையாவது சித்திரையில் கூப்பிட வேண்டும், இன்னொரு தடவை ஆடிக்காற்றில் கூப்பிட வேண்டும். ஒரு நிலம் நம்மிடம் என்ன கேட்கிறது என்று அப்போதுதான் தெரியும். நல்ல மாசத்தில் வந்து பார்த்துவிட்டு நாலு மாசத்துக்கு அப்புறம் என்ன ஆகும் என்று கேட்காதவனிடம் வீட்டு வாசலை ஒப்படைக்கக் கூடாது.

இரண்டாவது தப்பு, பொங்கல் சமயம் என்பதால் மூட்டை வரவில்லை, பொறுக்க ஆள் இல்லை. களம் வெறுமையாகக் கிடந்தது. செவலை இலையும் நாலைந்து வாதாங்காயும் உதிர்ந்து கிடந்தன. அவன் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த ஸ்பேஸை யார் யூஸ் பண்றாங்க அங்கிள்?" என்று கேட்டான்.

"எங்க மதினி. பொம்பளைங்க உக்காந்து காய் பொறுக்குவாங்க."

அவன் குனிந்து ஒரு வாதாங்காயை எடுத்து மோந்து பார்த்தான். "ஓ" என்றான். போனில் ஏதோ குறித்துக்கொண்டான். நான் அப்போதே நினைத்தேன், இந்த 'ஓ' நல்ல ஓ இல்லையே என்று.

பிறகு படம் காட்டினான். நீயும் பார்த்தாய், எனக்கும் அனுப்பினாய். பச்சைப் புல், நடுவில் வெள்ளைக் கல், ஓரத்தில் ஊஞ்சல், ஊஞ்சலில் ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை காலை ஆட்டிக்கொண்டு புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். "இது யாருப்பா?" என்றேன். "அது சும்மா அங்கிள், அளவு தெரியுறதுக்காக ஒரு ஆளைப் போடுவோம்" என்றான். நீ அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு 'சூப்பர்' என்று போட்டாய். மரம் எங்கே என்று கேட்கவில்லை. அப்பு, இனிமேல் எவன் வந்து எந்தப் படம் காட்டினாலும் ஒன்று செய். அந்த வெள்ளைக்காரியை எடுத்துவிட்டு உன் அம்மாவை வைக்கச் சொல். சேலையோடு, மடியில் சொளகோடு. எங்கே உட்கார்ந்திருக்காங்க, தலைக்கு மேல் என்ன இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார். அதில் உன் அம்மாவுக்கு இடம் இல்லை என்றால் அந்தப் படம் வேறு யாரோ ஒருவர் வீட்டுப் படம்.

நீ அம்மாவுக்குச் சொல்லாமல் செய்ய வேண்டும், திடீர் சந்தோசம் கொடுக்க வேண்டும் என்றாய். 'அம்மாவை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க சித்தப்பா' என்றாய். நான்தான் கூட்டிப் போனேன். ராசிங்காபுரத்தில் அவங்க தங்கச்சி வீட்டில் விட்டேன். நீ பெண் பார்த்து முடிவாகிற நேரம், சம்பந்தக்காரர்கள் வீடு பார்க்க வரப்போகிறார்கள், வாசல் கொஞ்சம் பளிச்சென்று இருந்தால் என்ன என்று நானும் நினைத்தேன். திரும்பக் கூட்டி வந்த அன்றைக்கு முன்கேட்டு ஓரத்தில் அந்தத் தம்பி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். வீடியோ எடுக்கிறானாம். வீட்டுக்காரர்கள் முதன்முதலாகப் பார்க்கிற முகத்தை அவர்கள் கம்பெனியின் இன்டர்நெட்டுப் பக்கத்தில் போடுவார்களாம்.

உன் அம்மா ஜீப்பில் இருந்து இறங்கி மேலே பார்த்தாங்க. கீழே புல் இருந்தது, அதைப் பார்க்கவில்லை. மேலேதான் பார்த்தாங்க. மரம் இருந்த இடத்தில் வானம் இருந்தது. பிறகு களத்தைப் பார்த்தாங்க. சிமெண்டு முழுவதையும் உடைத்து எடுத்துவிட்டுப் புல்லைப் பாய் மாதிரிச் சுருட்டி லோடு லோடாகக் கொண்டு வந்து விரித்திருந்தான்.

"எப்படி இருக்கு ஆன்ட்டி?" என்றான் அவன்.

உன் அம்மா புல் ஓரத்தில் நின்று குனிந்து காலைப் பார்த்தாங்க. "செருப்பைக் கழட்டணுமா தம்பி?"

அந்த வீடியோவுக்கு ஆயிரம் பேர் ஹார்ட்டு போட்டார்களாம். எவ்வளவு தன்மையான அம்மா என்று எழுதியிருந்தார்களாம். நீயும் எனக்கு அனுப்பினாய், 'அம்மா எமோசனல் ஆயிட்டாங்க' என்று.

நான் அந்தத் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுப் பிடித்தேன். சும்மா பிடிக்கவில்லை, சட்டைக் காலரோடு பிடித்தேன் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். "மரத்தை ஏன்டா வெட்டுனே?"

அவன் பயப்படவே இல்லை. நல்லது செய்தவன் முகம் அவனுக்கு. "உங்க பையன்தான் அங்கிள் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்க அம்மா இனிமே உக்காந்து காய் பொறுக்கக் கூடாது, அதுக்கு ஏத்த மாதிரி செய்யுங்கன்னு. மரம் இருந்தா காய் விழுந்துக்கிட்டேதான இருக்கும்? அவங்களும் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கிக்கிட்டேதான இருப்பாங்க?"

நீ சொன்ன காய் வேறு, அவன் கேட்ட காய் வேறு. உதிர்ந்து கிடக்கிற வாதாங்காயை உன் அம்மா பொறுக்குவதாக நினைத்துக்கொண்டு அவன் மரத்தையே எடுத்துவிட்டான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவன் மூட்டை வருகிற நாளில் வந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும். தோட்டம் போட ஆள் பிடித்தால் முதல் கேள்வி 'என்ன வைக்கப்போறே' என்று இருக்கக் கூடாது, 'என்னத்தை எடுக்கப்போறே' என்று இருக்க வேண்டும். வைத்தது பிடிக்கவில்லை என்றால் பிடுங்கிப் போடலாம். எடுத்ததை எங்கே போய்த் தேடுவது?

அடுத்தது நித்யாவின் அப்பா, உன் மாமனார், வந்த கதை. அதை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனால் சிரித்து மழுப்பிவிட்டாய். மலையில் தலைமுறை தலைமுறையாக ஏலம் வைத்திருக்கிற மனுசன் பெண் கொடுக்க வருகிறார். அவரிடம் நாமும் காய்க் குடும்பம் என்று காட்டுவதற்காக நீ அந்தத் தம்பியிடம் கேட்டு, கேட்டில் இருந்து வாசல் வரைக்கும் இரண்டு பக்கமும் ஏலச்செடி வைக்கச் சொல்லியிருந்தாய். இந்தப் புத்தி போடிக்காரனுக்கு மட்டும்தான் வரும். ஊர் முழுக்க ஏலக்காய் வாசம் அடிக்கிறது, ஒரு ஏலச்செடி இந்த வெயிலில் நிற்காது என்பது மறந்துபோகிறது. காயை மூட்டையில் பார்த்து வளர்ந்தவன் நீ. செடியில் பார்க்கவில்லை. நர்சரியில் ஏலம் என்று கொடுத்ததை அந்தத் தம்பியும் நம்பி வாங்கி வந்து வரிசையாக வைத்தான். தளதளவென்று நின்றது. இலையைக் கசக்கினால் லேசாக ஏலக்காய் வாசம்கூட வந்தது.

உன் மாமனார் ஜீப்பில் இருந்து இறங்கினார். அவர் பின்னால் அவர்கள் ஆட்கள், இந்தப் பக்கம் நம்ம தெருவில் பாதி. ஒரு செடிக்கு முன்னால் நின்றார். இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். நீ போய், "நம்ம வீட்டு ஏலம் மாமா" என்றாய்.

அவர் மலையாளமும் தமிழும் கலந்து மெதுவாகத்தான் சொன்னார், கெட்ட எண்ணம் இல்லாமல்தான் சொன்னார். "மாப்ளே, இது ஏலமில்லல்லோ. சித்தரத்தை சாதி. ஏலத்துக்குப் பூ காலடியில வரும், தரையோட சரம் படரும். இது பாருங்க, உச்சந்தலையில பூ வச்சிருக்கு." பிறகு உன் தோளைத் தட்டிக்கொடுத்து, "பரவால்ல, சளிக்குக் கஷாயம் போடலாம்" என்றார்.

அவங்க பக்கம் ஒரு பெரியவர் சிரித்தார். நம்ம பக்கம் சிரிக்கவில்லை, அது அதைவிட மோசம். நம்ம பக்கம் மறு நாள் கடைத்தெருவில் சிரித்தார்கள். இப்போது நம்ம வீட்டுக்கு என்ன பேர் தெரியுமா? அண்ணன் காலத்தில் காய்க்கார வீடு. மதினி காலத்தில் பொறுக்குற வீடு. இப்போது சித்தரத்தை வீடு. ஆட்டோக்காரனிடம் அந்தப் பேரைச் சொன்னால் நம்ம முன்கேட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குகிறான்.

சித்திரையில் புல் கருகிப்போனது. நகராட்சித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் ஊரில் தினமும் இரண்டு வேளை தண்ணீர் கேட்கிற புல்லைக் கொண்டு வந்து போட்டான். யார் ஊற்றுவது என்று நீயும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. உன் அம்மா ஊற்றினாங்க. மகன் ஆசையாகப் போட்டது கண் முன்னால் காய்ந்தால் ஊர் என்ன சொல்லும் என்று குழாயைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாங்க. நீ அம்மா உட்கார வேண்டாம் என்றாய், சரியாகப் போயிற்று, இப்போது நிற்கிறாங்க.

காய் மட்டும் நிற்கவில்லை. யாவாரி மூட்டை அனுப்பாமல் இருப்பானா? முன்பக்கம் போன பிறகு பெண்கள் பின்பக்கம் போய்விட்டார்கள். துவைக்கிற கல்லுக்கும் கழிப்பறைச் சுவருக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சந்து அளவு இடம். மேலே முருங்கை. முருங்கைக்கு நிழல் ஏது? சல்லடை பிடித்த மாதிரி வெயில் விழும். உச்சிப்பொழுதில் சேலையை அவிழ்த்துக் கம்பியில் கட்டிக்கொள்கிறார்கள். நீ சின்ன வயசில் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு நுழைந்தாயே, அந்தப் பின்வாசல் வழியாகத்தான் இப்போது அவர்கள் எல்லாரும் வந்து போகிறார்கள். முன்கேட்டு வழியாக ஏன் வருவதில்லை என்று கேட்டேன். புல்லுக்கு நடுவில் அவன் பதித்திருக்கிற கல் அவன் கால் அளவுக்குப் பதித்த கல். சேலை கட்டினவள் தாவித் தாவித்தான் போக வேண்டும்.

ஆனாலும் அவர்கள் வாய் ஓயவில்லை. ஒரு நாள் நான் முருங்கைக்காய் பறிக்கப் போயிருந்தேன். செல்லத்தாயி கேட்கிறாள், "மதினி, இம்புட்டுப் புல்லு கெடக்கே, மாட்டுக்கு ஆகுமா?"

"ஆகாதாம்டி," என்கிறாங்க ஜெய்த்தூன் அக்கா. "திங்கவும் ஆகாது, உக்காரவும் ஆகாது, சும்மா பாக்குறதுக்கு மட்டுந்தானாம்."

"அப்ப எங்க வீட்டுக்காரர் சாதி."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் அம்மாவும் சிரித்தாங்க. ஆக அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் மிச்சம் இருக்கிற இடம் அந்தச் சந்து ஒன்றுதான். அதைத்தான் நீ இப்போது கேட்கிறாய். கறி சுடுகிற அடுப்பு, கண்ணாடிக் கூரை, மரப் பலகை பதித்த தரை என்று படம் அனுப்பியிருக்கிறாய். இந்தத் தடவையும் ஒரு வெள்ளைக்காரி நிற்கிறாள், கையில் கரண்டியோடு.

நீ சொன்னபடி உன் அம்மாவிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். எல்லாரும் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்த நேரம். நான் சொல்லி முடிக்கவில்லை, உன் அம்மா சொளகைத் தூக்கி எறிந்தாங்க. காய் முழுவதும் துவைக்கிற கல்லில் பட்டுச் சிதறியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாங்க: "அவன்கிட்டச் சொல்லிருங்க கொழுந்தனாரே. முன்னாடி எடுத்ததை எடுத்துட்டான், போகட்டும். இங்கிட்டு ஒரு மண்வெட்டி விழுந்துச்சுன்னா நான் அவனுக்கு அம்மாவும் இல்ல, அவன் எனக்கு மகனும் இல்ல." பெண்கள் எல்லாரும் நடுங்கிப்போனார்கள். நானே இரண்டு எட்டு பின்னால் வந்துவிட்டேன். மலையில் ஒற்றை யானைக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தினவன் நான், பின்னால் வந்தவன் இல்லை.

அதனால் சொல்கிறேன், அந்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. இல்லை, கட்டாயம் ஏதாவது செய்துதான் தீர வேண்டும் என்றால் நீ வா. லீவு போட்டுவிட்டு, மூட்டை இருக்கிற நாளில் வா. முன்கேட்டைத் திறந்துகொண்டு வராதே, சந்து வழியாக வந்து அந்தத் துவைக்கிற கல்லில் உட்கார். காலையில் இருந்து சாயந்திரம் வரைக்கும் வெயில் எந்தப் பக்கம் இருந்து எந்தப் பக்கம் நகர்கிறது, அதற்கு ஏற்ற மாதிரி உன் அம்மா எத்தனை தடவை சாக்கை இழுத்து இழுத்துப் போட்டு உட்காருகிறாங்க என்று பார். பார்த்த பிறகு ஒரு கொட்டகை போட வேண்டும், ஒரு சிமெண்டுத் தரை வேண்டும் என்று உனக்கே தோன்றும். அதற்குக் கோயமுத்தூரில் இருந்து ஆள் வேண்டாம். இருந்தாலும் வரட்டும், அந்தத் தம்பியையே கூப்பிடு, உன் பக்கத்தில் உட்கார வை. காய் என்றால் என்ன என்று அவனுக்கு உன் வாயால் சொல். நீ ஒரு தடவை சொல்லியிருந்தால் மரம் இருந்திருக்கும்.

இத்தோடு முடித்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இதை இரண்டாம் தடவை வாசித்துப் பார்த்ததில் ஓரிடத்தைத் தாண்டிக் கையெழுத்துப் போட மனசு வரவில்லை. நான் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறவன் என்று ஊரே சொல்லும். ரோஜா ஜீப்பு உயரமா இல்லையா, காலரைப் பிடித்தேனா இல்லையா என்பதெல்லாம் எனக்கும் அந்தந்த ஆளுக்கும் இருக்கட்டும். உன் அம்மா விசயத்தில் மட்டும் நீ என் வாயை நம்பி எதையும் செய்துவிடக் கூடாது. சொளகை எறிந்தது நடக்கவில்லை. அம்மாவும் இல்லை மகனும் இல்லை என்று அவங்க சொல்லவில்லை. அது நான் உண்டாக்கியது.

நடந்தது இதுதான். நான் சொன்னேன். உன் அம்மா தலையை நிமிர்த்தவில்லை. விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "சரி" என்றாங்க. "தேதி மட்டும் கேட்டுச் சொல்லுங்க கொழுந்தனாரே. அதுக்கு மேல மூட்டை அனுப்ப வேண்டாம்னு யாவாரிகிட்டச் சொல்லணும்." பிறகு ஜெய்த்தூன் அக்கா பக்கம் திரும்பி, "அக்கா, உங்க மாடியில ஒரு ஆளு உக்கார நெழல் இருக்கும்ல?" என்று கேட்டாங்க. "இருக்கு, வா" என்றாங்க ஜெய்த்தூன் அக்கா.

அதை அப்படியே எழுதினால், அம்மாவே சரின்னுட்டாங்க என்று நீ அந்தத் தம்பிக்குப் போன் போட்டுவிடுவாய். அதற்காகத்தான் சொளகை எறிய வைத்தேன். அவங்க எறியவில்லை அப்பு. மடியில் இருந்த காயைக் கடைசி வரைக்கும் பொறுக்கி முடித்துவிட்டுத்தான் எழுந்தாங்க.

உன் சித்தப்பன்